வழிகாட்டும் நாய்க்குட்டியை நம் வீட்டில் வளர்க்கலாமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரியார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய மகன் மனைவி மக்களுடன் இங்கிலாந்தில் இருக்கிறாராம். கண்பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற சங்கம் ஒன்று அங்கே உண்டு. சிறு குட்டிகளை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வீட்டில் வைத்து வளர்த்துத் திருப்பித் தருவதற்கு அந்தச் சங்கம் தொண்டர்களைத் தேடுகிறதாம். பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டு வந்த பேரப்பிள்ளைகள், நாமும் ஒரு குட்டியை வளர்த்துக் கொடுப்போம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்களாம். மகன் தொலைபேசியில் யோசனை கேட்ட நாளிலிருந்து அம்மையாருக்குத் தூக்கம் இல்லை. அவர்கள் எழுதுகிறார்கள்:

"நாய் வளர்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஊர்ப் பெயரிலேயே நாய் ஜாதி உண்டு. ஆனால் தொழுகிற வீட்டுக்குள் நாயா? மலக்குகள் வருவார்களா? நன்மையில் குறைந்து போகாதா? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அத்தாவின் நினைவு வந்துவிட்டது. கண் போய் மூன்று வருஷமாகிறது. கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த பேரன் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அன்றோடு அத்தாவுக்கு சுபுஹு ஜமாஅத் நின்றது. பாங்கு சத்தம் கேட்டதும் திண்ணையில் எழுந்து உட்கார்ந்து அழுகிறார்கள். ஒரு குட்டியை வளர்த்துக் கொடுத்தால் இப்படிப்பட்ட ஒருவருக்கு வழி பிறக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது?"

இந்தக் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை அம்மையார் கேட்டிருக்கிறார்கள். மற்றொன்றை அவர்கள் கேட்கவில்லை. அவர்களுடைய அத்தாவின் கண்ணீர் கேட்கிறது. முதற் கேள்வியை முதலில் பார்ப்போம்.

வழிகாட்டும் நாய் என்பது என்ன?

பொருளை அறியாமல் அதற்குச் சட்டம் சொல்வது முறையன்று. ஆகவே இந்த நாய் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

முதல் உலகப் போரில் கண் இழந்த போர்வீரர்களுக்காக, 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. 1929ல் அமெரிக்காவில் 'ஸீயிங் ஐ' என்னும் நிறுவனம் பிறந்தது. இங்கிலாந்தில் 1931ல் வாலசி என்னும் ஊரில் முதன்முதலாக நான்கு நாய்கள் பார்வையற்ற நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் இவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது.

நாயின் மேல் ஒரு சேணம் பூட்டி, அதில் ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பார்வையற்றவர் நடப்பார். எங்கே போகவேண்டும் என்பது நாய்க்குத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. வழியை மனத்தில் வைத்திருப்பவர் மனிதரே. வலப்புறம், இடப்புறம், நேராக என்று கட்டளையிடுகிறவரும் அவரே. நாயின் வேலை, நேராக நடப்பதும், குழி, கம்பம், நிறுத்தி வைத்த வண்டி ஆகியவற்றை விலக்கி அழைத்துச் செல்வதும், படியும் நடைபாதை விளிம்பும் வந்தால் நின்று உணர்த்துவதும் ஆகும். தலையில் இடிக்கக்கூடிய தாழ்ந்த கிளையைக்கூட அது கவனித்து ஒதுங்கும். சாலையைக் கடக்கும்படி எசமானர் சொன்னாலும், வண்டி வருவதைக் கண்டால் அது நகராது. கட்டளைக்குக் கீழ்ப்படியவும், ஆபத்து வந்தால் கீழ்ப்படியாமல் நிற்கவும் ஒரே நாய்க்குக் கற்பிக்கிறார்கள்.

இவ்வேலைக்குப் பெரும்பாலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய ஜாதிகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ராஜபாளையம் நாய் பேர்பெற்றதுதான். 2005ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்களின் தபால் தலைகளில் அதுவும் இடம்பெற்றது. பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட கால்களும் உடைய அது, காட்டுப் பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பிறந்தது. ஓடுகிற பொருளைக் கண்டால் துரத்துவது அதன் இயல்பு. அயலாரை எளிதில் நெருங்கவிடாது. மேலும் வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருப்பதுண்டு. சந்தையிலும் பேருந்திலும் ஆயிரம் பேருக்கு நடுவே அமைதியாக நடக்கவேண்டிய வேலைக்கு அது ஏற்றதன்று. இதனால் அதற்குக் குறைவில்லை. ஒவ்வொரு படைப்பையும் ஒவ்வொரு பயனுக்கென அல்லாஹுத் தஆலா அமைத்திருக்கிறான்.

குட்டியை வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

பிறந்து ஏழெட்டு வாரமான குட்டியைச் சங்கத்தார் தொண்டர் வீட்டில் விடுவார்கள். ஏறத்தாழ ஓராண்டு, சில இடங்களில் ஒன்றரை ஆண்டு வரை அது அங்கே வளரும். அமெரிக்காவில் 1940களிலும் இங்கிலாந்தில் 1950களிலும் இந்த ஏற்பாடு தொடங்கியது. கூண்டிலேயே வளர்ந்த நாய் வெளியுலகைக் கண்டு மிரள்கிறது. குடும்பத்தில் வளர்ந்தது மிரள்வதில்லை என்பதே இதற்குக் காரணம்.

வழிகாட்டும் வித்தையை வீட்டார் கற்பிப்பதில்லை. அது பின்னர் பள்ளியில் கற்பிக்கப்படும். வீட்டார் கற்பிப்பது ஒழுக்கம். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மலஜலம் கழிக்கப் பழக்கவேண்டும். ஆட்கள் மேல் தாவக்கூடாது. மனிதர் உண்ணும்போது அருகில் வந்து ஏங்கக்கூடாது. கீழே கிடக்கும் உணவை எடுக்கக்கூடாது. பூனையைத் துரத்தக்கூடாது. தனியே விட்டால் ஊளையிடக்கூடாது. இவற்றோடு பேருந்து, ரயில், கடைவீதி, மாடிப்படி, மழை, கூட்டம் எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாக அதைப் பழக்கவேண்டும். சாதாரண வளர்ப்பு நாயை எசமானருக்குப் பக்கத்தில் ஒட்டி நடக்கப் பழக்குவார்கள். இதை ஓரடி முன்னே நடக்கப் பழக்குகிறார்கள்.

குட்டி சங்கத்துக்குச் சொந்தமானது. வளர்ப்பவர் அதை விலைக்கு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை, கூலி பெறுவதுமில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நாயை விற்ற கிரயத்தை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் வந்திருக்கிறது. ஷாஃபியீ மத்ஹபில் நாய் விற்பனை கூடாது. ஹனஃபி மத்ஹபில் பயனுள்ள நாயை விற்க அனுமதி உண்டு. குட்டி வளர்க்கும் தொண்டில் கிரயமே இல்லாததால் அந்தக் கருத்து வேற்றுமைக்கு இங்கே இடமில்லை.

நாய் குறித்து மார்க்கம் கூறுவது

நாய் என்றாலே ஹராம் என்று சொல்லிவிடுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சட்டம் அவ்வளவு சுருக்கமானதன்று.

திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயமான ஸூரத்துல் மாயிதாவில், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அல்லாஹ் அனுமதித்திருக்கிறான். அவன் நமக்குக் கற்றுத்தந்த அறிவிலிருந்தே நாம் அவற்றுக்குக் கற்பிக்கிறோம் என்றும் அங்கே உணர்த்துகிறான். ஆகவே நாயைப் பழக்குவது என்பது குர்ஆனுக்குத் தெரியாத காரியமன்று. ஸூரத்துல் கஹ்ஃபில் குகைத் தோழர்களைச் சொல்லும் இடத்தில், வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த அவர்களுடைய நாயையும் சேர்த்தே சொல்கிறான். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பிராணிகளுக்குச் செய்வதிலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டு என்று பதிலளித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

மறுபுறத்தையும் மறைக்கக்கூடாது. வேட்டைக்கோ, கால்நடைக் காவலுக்கோ, விளைநிலக் காவலுக்கோ அல்லாமல் நாயை வைத்திருப்பவரின் நன்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கீராத் அளவு குறையும் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. சில அறிவிப்புகளில் இரண்டு கீராத் என்று வருகிறது. ஆகவே அழகுக்காகவும் பெருமைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் நாய் வளர்ப்பதை உலமாக்கள் தடுத்தே வந்திருக்கிறார்கள்.

ஹதீஸில் வந்த மூன்று தேவைகளோடு அனுமதி முடிந்துவிடுமா, அவற்றைப் போன்ற வேறு தேவைகளுக்கும் பொருந்துமா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், வீட்டையும் தெருவையும் காப்பதற்கு நாய் வைப்பதும் அம்மூன்றைப் போன்றதே என்பதால் கூடும் என்பதைச் சரியான சொல்லாகக் கொண்டார்கள். சட்டத்தின் காரணம் தேவை என்று அவர்கள் கண்டார்கள். ஆட்டையும் தோட்டத்தையும் காப்பதற்குக் கூடுமென்றால், ஒரு மனிதர் குழியில் விழாமலும் வண்டியில் அடிபடாமலும் காப்பதற்குக் கூடாது என்று சொல்ல வழியேது? இக்காலத்து உலமாக்கள் பலர் வழிகாட்டும் நாயை அனுமதித்திருப்பதன் அடிப்படை இதுவே.

நாளை பயன்படப்போகும் குட்டிக்கும் அந்தச் சட்டமா?

இதுதான் அம்மையாரின் கேள்வியில் நுட்பமான இடம். மகன் வீட்டார் கண் தெரிந்தவர்கள். அவர்களுக்கு வழிகாட்டும் நாய் தேவையில்லை. குட்டியும் இன்று எவருக்கும் வழிகாட்டவில்லை. நாளைய பயனுக்காக இன்று வளர்க்கலாமா?

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நேராகவே ஒரு மஸ்அலா இருக்கிறது. வேட்டைக்கோ காவலுக்கோ பழக்குவதற்கென்று சிறு குட்டியை வளர்க்கலாமா என்பதில் ஷாஃபியீ உலமாக்களிடையே இரண்டு சொற்கள் இருந்தன. கூடும் என்பதே சரியானது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தீர்த்தார்கள். ஹன்பலி மத்ஹபின் இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தம் முக்னீ என்னும் நூலில், வளர்ப்பவர் அந்தப் பயனையே நாடி வளர்ப்பதால் குட்டிக்கும் அந்தச் சட்டமே சேரும் என்ற கருத்தைப் பலமானதாகக் கூறினார்கள். பெரிய நாய்கள் எல்லாம் ஒருநாள் குட்டிகளாக இருந்தவைதாமே! எவரும் குட்டியை வளர்க்கக்கூடாது என்றால் பழகிய நாய் எங்கிருந்து வரும்?

ஆனால் அதே உலமாக்கள் ஒரு வேலியும் போட்டார்கள். கால்நடையே இல்லாதவர், என்றாவது வாங்குவேன் என்று சொல்லி இப்போதே காவல் நாய் வைத்துக்கொள்வதைத் தடுத்தார்கள். பயன் மெய்யாக இருக்கவேண்டும். சாக்காக இருக்கக்கூடாது என்பது இதன் கருத்து. நம் விஷயத்தில் பழக்கும் பள்ளி மெய்யாகவே இருக்கிறது. நாயை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பார்வையற்றவர்களும் மெய்யாகவே இருக்கிறார்கள். ஆகவே குட்டியை வளர்ப்பது அனுமதிக்குள் அடங்கும் என்றே நாம் விளங்குகிறோம்.

இந்த வேலிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வளர்கிற குட்டிகள் எல்லாமே தேறிவிடுவதில்லை. சிலவற்றுக்கு இடுப்பெலும்பில் குறை தெரியும். சில சத்தத்துக்கு அஞ்சும். தேறாத நாயை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வளர்த்தவர்களிடமே தர முன்வருவதுண்டு. அப்போது மகன் வீட்டார் நிதானிக்க வேண்டும். எந்தப் பயனுக்காகக் கூடிற்றோ அந்தப் பயன் போனபின், அது வெறும் வளர்ப்பு நாய். அனுமதியும் அதோடு போய்விடும். இதைக் குட்டி வருவதற்கு முன்பே பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது நல்லது.

சுத்தம் பற்றிய மஸ்அலாக்கள்

கூடும் என்பது வேறு, சுத்தமானது என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீடுகளில் சண்டை வருகிறது.

ஷாஃபியீ மத்ஹபில் நாயின் உடல், உரோமம், உமிழ்நீர் அனைத்தும் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். நாயும் உலர்ந்து, நம் கையும் ஆடையும் உலர்ந்திருந்தால் பட்ட இடம் அசுத்தமாகாது.

ஹனஃபி மத்ஹபில், ஃபத்வா வழங்கப்படும் சொல்லின்படி, நாயின் உடல் பன்றியைப் போல முழு நஜீஸன்று. அதன் உமிழ்நீர் நஜீஸ். அது வாய் வைத்த பாத்திரத்தை மூன்று முறை கழுவுவது கடமை. ஏழு முறை கழுவுவது விரும்பத்தக்கது. மாலிக்கீ மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது. பாத்திரத்தைக் கழுவுவது வணக்க முறையில் வந்த கட்டளை.

தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபியீகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதி. ஒரே குடும்பத்தில் இருவரும் சம்பந்தம் கொண்டிருப்பார்கள். ஒருவர் மத்ஹபை மற்றவர் ஏளனம் செய்யாமல், அவரவர் சட்டத்தை அவரவர் பேணினால் போதும்.

நாய் பட்டால் ஒளூ முறிந்துவிடும் என்று நம் பெண்மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. எந்த மத்ஹபிலும் அப்படி இல்லை. நஜீஸ் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். ஒளூ இருந்தபடியே இருக்கும்.

மலக்குகள் பற்றிய அச்சம்

நாயும் உருவமும் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பது ஸஹீஹான ஹதீஸ். இது எல்லா நாய்க்கும் பொதுவா? வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட நாயை இது குறிக்காது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் கருதினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ ஹதீஸின் சொல் பொதுவாக இருப்பதால் எல்லா நாய்க்கும் பொருந்தும் என்ற கருத்தின் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு பெரியார்கள் வேறுபட்ட இடத்தில் நமக்குப் பேணுதலே அழகு. குட்டிக்கு வீட்டின் வெளிப்பகுதியில் ஓர் இடம் ஒதுக்கி, தொழுகிற அறையையும் ஓதுகிற அறையையும் விலக்கி வைத்துவிட்டால் மனத்துக்கும் அமைதி கிடைக்கும்.

வளர்க்கும் வீட்டார் பேணவேண்டியவை

மகன் வீட்டார் இத்தொண்டில் இறங்குவதானால் பின்வருவனவற்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1. முதலில் நிய்யத்தைச் சரிசெய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வேண்டும் என்பதற்காக அன்று. கண் தெரியாத ஓர் அடியானுக்கு உதவுவதற்காக என்ற நாட்டம் வேண்டும்.

2. குட்டிக்கென்று ஓர் இடம் வேண்டும். தொழும் அறைக்கும் சமையலறைக்கும் தடுப்பு வைத்துவிடலாம். கட்டிலிலும் நாற்காலியிலும் ஏறவிடாமல் பழக்குவது நம் சட்டத்துக்கும் ஏற்றது. அந்த நாயின் பயிற்சிக்கும் ஏற்றது.

3. அதைக் கவனிக்கும்போது அணிய ஒரு மேலாடை தனியே இருக்கட்டும். தொழுகை ஆடையை அதோடு சேர்க்கவேண்டாம்.

4. அதன் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கவேண்டும். வீட்டுப் பாத்திரங்களோடு கலக்கக்கூடாது. ஒளூவுக்கு வைத்த தண்ணீரை மூடி வைக்கவேண்டும்.

5. குளிப்பாட்டுவதும் துடைப்பதும் ஈரமான வேலை. ஷாஃபியீகள் கையுறை அணிந்துகொண்டால் ஏழு முறை கழுவும் சிரமம் குறையும்.

6. அதற்குப் பசியும் தாகமும் தெரியவிடக்கூடாது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸை மறக்கவேண்டாம். அடித்துப் பழக்குவது அந்தப் பள்ளிகளின் முறையும் அன்று.

7. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அச்சமோ அருவருப்போ ஏற்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் வரும்போது குட்டியை அதன் இடத்தில் விட்டுவிடலாம்.

8. தவணை வந்ததும் திருப்பி ஒப்படைக்கவேண்டும். அது அமானிதம்.

எட்டாவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஓராண்டு கையால் ஊட்டி வளர்த்த உயிரை, சேணம் பூட்டப்போகும் பள்ளிக்கு அனுப்பும் நாளில் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுவார்கள். வளர்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த நாள் அப்படித்தான். அன்றைக்குப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். விருப்பமானதிலிருந்து கொடுக்காதவரை நன்மையின் நிறைவை அடையமுடியாது என்ற இறைவசனத்தின் கருத்தை அன்று சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் ஏறாத பாடம் அன்று ஒரே நாளில் ஏறிவிடும்.

பள்ளிவாசலுக்கு அந்த நாய் வரலாமா?

2008ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இக்கேள்வி எழுந்தது. பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவர் வழிகாட்டும் நாயின் துணையோடு பள்ளிக்கு வர விரும்பினார். அந்நாட்டின் முஸ்லிம் ஷரீஅத் கவுன்சில் ஆராய்ந்து அனுமதித்தது. பள்ளியின் நுழைவாயில் பகுதியில் நாய் படுத்திருக்க ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. இளைஞர் உள்ளே சென்று தொழுவார். நாய் தொழும் இடத்துக்கு வராமல் காத்திருக்கும். குகைத் தோழர்களின் நாயும் வாசலில்தான் கிடந்தது! தொழும் இடத்தின் சுத்தமும் காக்கப்பட்டது. பார்வையற்றவரின் ஜமாஅத்தும் காக்கப்பட்டது.

ஆகவே அம்மையாருக்கு நம் பதில் இதுதான்: தாயே, உங்கள் மகன் வீட்டார் நிய்யத்தைச் சரிசெய்து, சுத்தத்தைப் பேணி, தவணையில் திருப்பித் தருவதானால் குட்டியை வளர்த்துக் கொடுக்கலாம். தம் மத்ஹபின் ஆலிம் ஒருவரிடமும் அங்கே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

அத்தாவின் கண்ணீர் கேட்கும் கேள்வி

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் வளரும் குட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் திண்ணையில் அழும் பெரியவருக்கு வழிகாட்டப்போவதில்லை. நடைபாதையே இல்லாத வீதிகளிலும், விடியற்காலையில் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும் சந்துகளிலும் அப்படியொரு நாய் வேலை செய்வதும் கடினம். அப்படியானால் அந்தப் பெரியவருக்கு யார் இருக்கிறார்கள்?

கண் தெரியாத ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, என்னைப் பள்ளிக்கு அழைத்து வர வழிகாட்டி எவருமில்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டார். முதலில் அனுமதித்தார்கள். அவர் திரும்பிப் போகையில் மீண்டும் அழைத்து, பாங்கு உமக்குக் கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் அதற்குப் பதிலளித்து வாரும் என்றார்கள். இது முஸ்லிமில் உள்ளது. வழிகாட்டி இல்லாத பார்வையற்றவருக்கு ஜமாஅத்தில் சலுகை உண்டு என்பதை வேறு ஆதாரங்களைக் கொண்டு நம் இமாம்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெரியவர் மேல் குற்றமில்லை. திண்ணையிலேயே தொழுதாலும் அவர் நிய்யத்துக்குக் கூலி உண்டு.

சலுகை அவருக்குத்தான். பாங்கு கேட்டு அதே தெரு வழியாகப் பள்ளிக்கு நடந்து போகிற நமக்கு என்ன சலுகை? அவர் வாசலைத் தாண்டித்தானே போகிறோம்? வழிகாட்டி இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் குறை அவர் கண்ணில் இல்லை. நம் காலில் இருக்கிறது.

ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். அவர்களை முன்னிட்டே ஸூரத்து அபஸ இறங்கியது. அவர்கள் நாயகத்தின் மோதினார்களில் ஒருவர். ரமளானில் அவர்களுடைய பாங்கே ஸஹர் முடிந்ததற்கு அடையாளம். கண் தெரியாதவர் விடியலை எப்படி அறிந்தார்? விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள். உடனே எழுந்து பாங்கு சொல்வார்கள். மதீனாவில் அவர்களுக்குக் கண்ணாக இருந்தது ஜமாஅத்து. பார்வை மங்கியவருக்குப் பார்வையாக இருப்பது தர்மம் என்றும் ஹதீஸ் இருக்கிறது.

அந்தத் தர்மத்துக்கும் முறை உண்டு. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பதும் முதுகில் தள்ளுவதும் உதவியன்று. முதலில் ஸலாம் சொல்லி, நாம் யார் என்பதைச் சொல்லவேண்டும். நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, அரையடி முன்னே நடக்கவேண்டும். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லவேண்டும். ஹவுளின் விளிம்பை அவர் கையால் தொட்டுக் காட்டவேண்டும். ஸஃப்பில் அவர் இடத்தைக் காட்டி, வலத்திலும் இடத்திலும் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும். விட்டு நகரும்போது சொல்லாமல் நகரக்கூடாது. பள்ளி வாசலில் செருப்புகளை வழியில் சிதறவிடுகிறோமே, அவற்றையும் ஓரமாக வைக்கவேண்டும். நமக்கு அது சின்ன விஷயம். அவருக்கு அதுதான் குழி.

கண் மங்கியதும் விதியென்று இருந்துவிடவும் கூடாது. நம் நாட்டில் பார்வை இழப்புக்கு முதற்காரணம் கண்புரை. அது அறுவையால் நீங்கக்கூடியது. 1976ல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஏழைகளுக்கு இலவசமாகவும் அறுவை செய்கிறது. பெரியவருக்கு ஏற்பட்டிருப்பது எது என்பதை ஒருமுறை காட்டி அறிந்துகொள்வது நல்லது. திரும்பாத பார்வையானால் வெள்ளைக் கோல் பிடித்து நடக்கும் பயிற்சி இருக்கிறது. அதில் வெட்கம் இல்லை.

இங்கிலாந்தில் ஒரு குடும்பம், முன்பின் அறியாத ஒருவருக்காக ஓராண்டு முழுவதும் அதிகாலையில் எழுந்து, மழையிலும் குளிரிலும் ஒரு குட்டியை வெளியே அழைத்துப் போகிறது. நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு இல்லை. தெருவில் பத்து வீடு இருந்தால், பத்து நாளைக்கு ஒரு வீட்டின் முறை வரும். பேரப்பிள்ளைகள் அங்கே குட்டியை வளர்க்கட்டும். இங்கே அம்மையார், தம் அத்தா தொழும் பள்ளியின் நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். நமக்கு எழுதியதைப் போலவே எழுதினால் போதும். நாளை சுபுஹுக்கு யாரேனும் ஒருவர் அந்தத் திண்ணை முன்னால் நின்று ஸலாம் சொல்லி முழங்கையை நீட்டுவார், இன்ஷா அல்லாஹ்.

இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டாரும், தம் தெருவில் அப்படியொரு திண்ணை இருக்கிறதா என்று இன்றிரவே எண்ணிப் பார்ப்பார்களாக. கண்ணுள்ளவர்களாகிய நம்மை, கண்ணில்லாதவர்களுக்குக் கண்ணாக ஆக்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.